தராசில் கை வைப்பதும் சென்சரில் கை வைப்பதும் ஒன்றுதான்



பதிவு கொஞ்சம் நீளம். ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா பக்கம் வாகனம் வைத்திருப்பவர்கள், கராஜ் நடத்துபவர்கள், கராஜில் வேலை பழகும் பிள்ளைகளின் பெற்றோர், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஏப்ரல் சீசன் வந்தால் எங்கள் ஊர்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். சுபஹுக்கு எழும்பும் நேரத்திலேயே சைலன்சர் மாற்றிய கார்கள் டவுனைக் கிழித்துக்கொண்டு ஏறும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை திடுக்கிட்டு அழும். நோயாளிகள் தூக்கம் கெட்டு எழும்புவார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2025 இல் பொலிஸார் வாகன மாற்றங்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது இங்கே பெரிய வாக்குவாதமே நடந்தது. நாங்கள் எழுத வந்தது சத்தத்தைப் பற்றி அல்ல. சத்தம் காதுக்குத் தெரியும். காதுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒன்று அதே குழாயில் நடக்கிறது.

சில வாரங்களுக்கு முன் எங்களிடம் படித்து, இப்போது ஒரு கராஜில் வேலை பழகும் மகன் ஒருவன் வந்து கேட்டான்: "சேர், சைலன்சர் மாத்தக்கொள அந்த ஒக்சிஜன் சென்சர எங்க வச்சாலும் பரவால்லதானே? டேஷ்போட்ல லைட் பத்தாட்டி சரிதானே? கஸ்டமர் கேக்கிறது அதத்தான்."

கெட்ட பிள்ளை இல்லை. கெட்டிக்காரன். அதனால்தான் அந்தக் கேள்வி எங்களுக்குப் பயத்தைத் தந்தது. "லைட் பத்தாட்டி சரிதானே" என்ற அந்த ஒரு வரியில் எங்கள் ஊரின் பெரிய நோய் ஒன்று இருக்கிறது.

முதலில் அந்த சென்சர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் விளங்கும்.

பெற்றோல் எரிய ஒட்சிசன் வேண்டும். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ வளி தேவை. வளி குறைந்தால் பெற்றோல் அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டும், எரியாத ஐதரோகாபனும் வெளியே வரும். வளி கூடினால் இழுவை குறையும், நைதரசன் ஒட்சைட்டுகள் கூடும். இந்தச் சமநிலையைக் காப்பதற்காகப் புகைக் குழாயில் வைத்திருக்கும் காவலாளிதான் ஒட்சிசன் சென்சர். அதன் நுனியில் சேர்க்கோனியா என்ற மட்பாண்டப் பொருள் இருக்கிறது. ஒரு பக்கம் வெளி வளி, மறு பக்கம் புகை. இரண்டு பக்கத்து ஒட்சிசனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப அது சிறு மின்னழுத்தம் ஒன்றைத் தரும். பெற்றோல் கூடினால் 0.9 வோல்ட்டுக்குக் கிட்ட, வளி கூடினால் 0.1 வோல்ட்டுக்குக் கிட்ட. வாகனத்தின் கம்பியூட்டர் இதைப் பார்த்துப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். பொஷ் நிறுவனம் செய்த இந்த சென்சர் 1976 இல் முதன்முதலாக வொல்வோ காரில் வந்தது. இன்று நம் ரோட்டில் ஓடும் அனேகமான பெற்றோல் கார்களில் இது இரண்டு இருக்கும். ஒன்று கன்வேட்டருக்கு முன்னால், மற்றது பின்னால்.

கன்வேட்டர் என்றால் புகைக் குழாயில் உள்ள அந்த வயிறு பெருத்த பெட்டி. உள்ளே தேன்கூடு மாதிரி துவாரங்கள். அதன் மேல் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். அவை ஊக்கிகளாக நின்று நச்சு வாயுக்களைக் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் மாற்றும். முன் சென்சர் கம்பியூட்டருக்கு எவ்வளவு பெற்றோல் என்று சொல்கிறது. பின் சென்சர் கன்வேட்டர் வேலை செய்கிறதா என்று சொல்கிறது. ஈயம் கலந்த பெற்றோல் இந்த இரண்டையும் கெடுத்துவிடும். நம் நாட்டில் ஈயப் பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது.

மலையில் வாழும் எங்களுக்கு இந்த சென்சர் கொழும்பில் இருப்பவர்களை விட இன்னும் முக்கியம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதாவது இன்ஜின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் அந்தளவுக்குக் குறைவு. பழைய காபரேட்டர் வாகனங்கள் கொழும்பிலிருந்து கினிகத்தேனை தாண்டி ஏறும்போது பெற்றோல் கூடித் திணறியதும், பிளக்கில் கரி படிந்ததும் மூத்த சாரதிமாருக்கு ஞாபகம் இருக்கும். இன்றைய கார் திணறாமல் ஏறுகிறது என்றால், மெல்லிய வளிக்கு ஏற்ப பெற்றோலைக் குறைக்க அதன் சென்சர்கள் கம்பியூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் காரணம். அந்தச் சொல் பொய்யானால் மலையில்தான் கூடுதல் சேதம்.

இப்போது அந்த மகனின் கேள்விக்கு வருவோம். சைலன்சர், குழாய் மாற்றும்போது சென்சரை எங்கே வைப்பது?

முன் சென்சர் எல்லா சிலிண்டர்களின் குழாய்களும் ஒன்று சேர்ந்த பிறகு வர வேண்டும். ஒரு குழாயில் மட்டும் வைத்தால் நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் மார்க்கைப் பார்த்து முழு வகுப்புக்கும் ரிப்போட் எழுதியது போலாகும். சேரும் இடத்திலிருந்து வெகுதூரம் பின்னால் தள்ளினால் அது சூடாகாது. ஏறக்குறைய 300 பாகைக்கு மேல் சூடானால்தான் அது ஒழுங்காகப் பேசும். உள்ளே ஹீட்டர் இருந்தாலும் செய்தி பிந்தித்தான் வரும். இன்ஜினுக்கு மிகக் கிட்ட வைத்தால் சூட்டில் ஆயுள் குறையும்.

எந்தப் பக்கம் சரித்து வைப்பது என்பதும் முக்கியம். குழாயை மணிக்கூட்டு முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். சென்சர் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், நுனி கீழ்நோக்கி இருக்க வேண்டும். குழாயின் அடியில் ஒருபோதும் வைக்கக்கூடாது. நம் குளிருக்குக் காலையில் குழாய்க்குள் நீர் ஒடுங்கி நிற்கும். சூடான மட்பாண்டத்தில் அந்த நீர்த்துளி பட்டால் வெடித்துப் போகும். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றியது போலத்தான்.

சென்சருக்கு முன்னால் ஒட்டுகளில் ஓட்டை இருக்கக்கூடாது. புகை துடித்துத் துடித்து வரும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் வெளி வளி அந்த ஓட்டையால் உள்ளே இழுபடும். சென்சர் "வளி கூட" என்று நினைக்கும். கம்பியூட்டர் பெற்றோலை ஊற்றும். கன்வேட்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். கண்ட சிலிக்கன் பசையையும் ஒட்டுகளில் பூசக்கூடாது. அதன் ஆவி சென்சரைக் கெடுக்கும். அனேகமான சென்சர்களின் மரை 18 மில்லிமீற்றர். அதற்குரிய நட்டை ஒழுங்காக வெல்ட் பண்ணி, ஆறிய பிறகுதான் சென்சரைப் பூட்ட வேண்டும்.

இதெல்லாம் ஒரு நல்ல பாஸுக்கு அரை நாள் வேலை. செய்யத் தெரிந்தவர்கள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். தெரிந்தும் செய்யாமல் விடுவதைத்தான் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நடப்பது இதுதான். கன்வேட்டரை வெட்டி எடுக்கிறார்கள். உள்ளே உள்ள உலோகங்களுக்காக அதை வாங்க ஆள் இருக்கிறது. அந்த இடத்துக்கு நேரான குழாய் ஒன்றை வெல்ட் பண்ணுகிறார்கள். இப்போது பின் சென்சர் உண்மையைச் சொல்லும்: "கன்வேட்டர் இல்லை." டேஷ்போட்டில் லைட் எரியும். அந்த வாயை மூட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். துவாரம் உள்ள ஒரு போல்ட் துண்டைக் குழாய்க்கும் சென்சருக்கும் இடையில் பூட்டிவிட்டால், சென்சர் புகைக்கு வெளியே தூரமாக நிற்கும். புகை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதைத் தொடும். எல்லாம் சுத்தம் என்று அது சொல்லும். லைட் அணையும். கஸ்டமர் சிரித்துக்கொண்டு போவார்.

இதில் இடம் தெரியாமல் வைத்த தவறு ஒன்றும் இல்லை. எங்கே வைத்தால் பொய் சொல்லும் என்று தெரிந்தே வைத்தது.

நாங்கள் இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறோம்?

மலையகத்தில் வாழும் எவருக்கும் மடுவத்துத் தராசைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. காலையிலிருந்து மழையிலும் அட்டையிலும் நின்று பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பது பற்றி எங்கள் அயலில் உள்ள தாய்மார் எத்தனை தலைமுறையாகப் பேசுகிறார்கள். தராசு பொய் சொன்னால் அது கையில் அடிப்பதை விட மோசம் என்று அவர்களுக்குத் தெரியும். டவுனில் கடை வைத்திருக்கும் எங்கள் சமூகத்துக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களைப் பற்றி அல்குர்ஆனில் ஒரு தனி சூராவே இருக்கிறது. 83 ஆவது சூரா, அல் முதஃப்பிஃபீன். அதன் பெயரே அவர்களைக் குறிப்பதுதான். வள்ளுவரும் நடுவுநிலைமையைச் சொல்லத் தராசைத்தான் எடுத்தார். எந்த வீட்டில் வளர்ந்தாலும் நமக்கு இது ஒன்றுதான் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

சென்சரும் ஒரு தராசுதான். புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் தராசு. கடைத் தராசுக்கு அடியில் காந்தம் வைப்பவனைத் திருடன் என்று சொல்கிறோம். சென்சருக்கு அடியில் போல்ட் துண்டு வைப்பவனைக் கெட்டிக்காரன் என்று சொல்கிறோம். இது எங்களுக்கு விளங்கவில்லை.

கடைத் தராசில் ஏமாறுவது ஒரு வாடிக்கையாளர். இந்தத் தராசில் ஏமாறுவது யார்? ரோட்டு ஓரத்தில் லயம் இருக்கிறது. லய அறையின் வாசலுக்கும் தார் ரோட்டுக்கும் இடையில் சில இடங்களில் பத்தடி கூட இல்லை. ஏற்றத்தில் முதலாவது கியரில் வாகனம் முனகும் இடத்தில்தான் பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பனி இறங்கிய காலையில் பள்ளத்தாக்கில் புகை மேலே போகாமல் அப்படியே தேங்கும். கார் ஓடியவர் போய்விடுவார். மூச்சு விடுபவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

காருக்குள் இருப்பவர்களும் தப்பவில்லை. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கன்வேட்டர் இல்லாத, ஒட்டு சரியில்லாத குழாய் காரின் அடியில் போகிறது. மேலே குடும்பம் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருக்கிறது. குளிர் என்று சொல்லி நிறுத்திய வானில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குபவர்களை சீசனில் நுவரெலியாவில் பார்த்திருக்கிறோம். தலையிடி, வாந்தி, தூக்கம் என்றுதான் இது ஆரம்பிக்கும். வளைவுகளால் வந்த மயக்கம் என்று நினைத்துவிடுவார்கள். தயவுசெய்து யாரும் இன்ஜின் ஓடும் வாகனத்தில் கண்ணாடியை மூடித் தூங்காதீர்கள். இந்தப் பதிவில் வேறு எதையும் ஏற்காவிட்டாலும் இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எதிர்க் கேள்விகள் வரும். நியாயமானவை சிலவும் உண்டு.

"கறுப்புப் புகை கக்கிக்கொண்டு பஸ்ஸும் லொறியும் போகிறதே, எங்கள் பிள்ளையின் கார்தானா கண்ணுக்குத் தெரிகிறது?" உண்மை. டீசல் கரியும் நஞ்சுதான். அதற்கும் எதிராகக் குரல் கொடுக்க வேண்டும், கொடுப்போம். ஆனால் பக்கத்துக் கடைக்காரன் நிறுவையில் ஏமாற்றுகிறான் என்பதால் எங்கள் தராசில் காந்தம் வைக்க அனுமதி கிடைத்துவிடாது.

"புகைப் பரிசோதனையில் பாஸாகிவிட்டதே!" 2008 முதல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் தேவை. பெற்றோல் வாகனத்தில் அங்கே காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் பார்ப்பது வாகனம் நிற்கும் நிலையில்தான். ராம்பொடை ஏற்றத்தில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இழுக்கும்போது என்ன வருகிறது என்பதை அந்தப் பரிசோதனை பார்ப்பதில்லை. பரிசோதனையில் ஒரு முகம், ரோட்டில் இன்னொரு முகம் என்பதற்கு உலகமே அறிந்த உதாரணம் இருக்கிறது. 2015 இல் வொக்ஸ்வாகன் நிறுவனம் அகப்பட்டது இதே காரியத்துக்காகத்தான். பரிசோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நேரம் மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை ஏறக்குறைய ஒரு கோடியே பத்து இலட்சம் டீசல் வாகனங்களில் போட்டிருந்தார்கள். பெரிய கம்பனி மென்பொருளால் செய்ததை நாங்கள் போல்ட் துண்டால் செய்கிறோம். அளவில்தான் வித்தியாசம்.

"மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக் கார்களில் கன்வேட்டரா இருக்கிறது?" போட்டி வாகனம் போட்டிக்குரியது. அதற்கு ஒரு பாதை, ஒரு நாள், ஒரு ஒழுங்கு இருக்கிறது. அங்கேயும் டியூன் பண்ணுபவர்கள் சென்சரை ஏமாற்றுவதில்லை. சரியாக வாசிக்கும் சென்சரை நம்பித்தான் இன்ஜினில் இன்னும் கொஞ்சம் இழுவை எடுக்கிறார்கள். வேகத்தை விரும்பும் தம்பிமாரும் அதைக் கவனிக்க வேண்டும். சென்சரைக் குருடாக்கிவிட்டுக் கிடைப்பது சத்தம் மட்டும்தான்.

கடைசிக் கேள்விதான் எங்களைக் கொஞ்சம் நிறுத்தியது. "சேர், புதுக் கன்வேட்டர் வாங்க யாரிடம் காசு இருக்கிறது?" 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய கார்களைத்தான் ஒட்டி ஒட்டி ஓடினோம். கன்வேட்டர் அடைத்துப்போனால் அதை மாற்றக் கேட்கும் விலை ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். ஹயர் ஓடிக் குடும்பம் பார்க்கும் ஒருவர் வழியில்லாமல் அதை எடுத்துவிட்டு ஓடுகிறார் என்றால், அவரைத் திருடன் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அவருடைய கஷ்டம் வேறு. நல்ல கன்வேட்டரைச் சத்தத்துக்காகவும் காசுக்காகவும் வெட்டி விற்பது வேறு. முன்னையவருக்கு உதவ வழி தேட வேண்டும். பின்னையதை நிறுத்த வேண்டும்.

காசைப் பற்றியே பேசினாலும் கணக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. 2022 ஜூனில் ஒரு லீற்றர் 92 பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனதையும், பிறகு கியூஆர் அட்டையைக் காட்டி லீற்றர் கணக்கில் எண்ணி வாங்கியதையும் மறந்துவிட்டோமா? முன் சென்சர் பிழையான இடத்தில் இருந்தாலோ, அதற்கு முன்னால் ஓட்டை இருந்தாலோ, அந்தப் பெற்றோல் எரியாமலேயே பின்னால் போகிறது. கன்வேட்டர் விற்ற காசை ஷெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான்.

கராஜ் நடத்தும் நானாமாருக்கும் அண்ணன்மாருக்கும்: நல்ல நிலையில் உள்ள கன்வேட்டரை வெட்ட மாட்டோம் என்று ஒரு போர்டு எழுதித் தொங்கவிடுங்கள். சைலன்சர் மாற்றக் கேட்டால் கன்வேட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றுங்கள். இரண்டு சென்சரையும் அதனதன் இடத்தில் வையுங்கள். பக்கத்துக் கராஜ் செய்து கொடுக்கும் என்று கஸ்டமர் மிரட்டினால் போகட்டும். ரிஸ்க் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கு: பழைய கார் வாங்கும்போது லைட் எரியவில்லை என்று திருப்திப்படாதீர்கள். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். அந்த நேரம் எல்லா லைட்டும் ஒருமுறை எரிய வேண்டும். இன்ஜின் லைட் மட்டும் எரியாவிட்டால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். ஜக்கில் தூக்கி அடியைப் பாருங்கள். கன்வேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நேரான குழாய் இருந்தால் விலை பேசுவதற்கு முன் யோசியுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை கராஜில் வேலை பழகுவது கௌரவக் குறைவு என்று நினைக்காதீர்கள். 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகும், "படிப்பு ஏறாதவன்தான் கராஜுக்குப் போவான்" என்ற பேச்சு எங்கள் வீடுகளில் போகவில்லை. அந்தப் பேச்சால்தான் பிள்ளை ஏன், எதற்கு என்று கேட்காமல் "லைட் பத்தாட்டி சரி" என்று மட்டும் பழகுகிறான். கைவேலையோடு காரணத்தையும் படிக்கட்டும். தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள், சான்றிதழ் எடுக்கட்டும்.

ஆசிரியர்களான எங்களுக்கு: ஊக்கி என்றால் என்ன என்று பரீட்சைக்குப் பாடமாக்க வைத்தோம். அந்த ஊக்கி ஊர்க் கராஜில் வெட்டப்பட்டு விலை பேசப்படும்போது அதுதான் இது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. பிழை எங்களிலும் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பாடம் வரும்போது ஒரு பழைய சென்சரை வகுப்புக்குக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்திருக்கிறோம். யாரிடமாவது கழற்றிப் போட்ட ஒன்று இருந்தால் தந்து உதவுங்கள்.

பள்ளிவாசல், கோவில், விகாரை, தேவாலயம் எல்லாவற்றின் நிர்வாகங்களுக்கும்: குத்பாவிலும் பூசையிலும் பணையிலும் கடைத் தராசைப் பற்றிச் சொல்லும்போது இந்தத் தராசையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த மகனுக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் சின்னது: "மகன், லைட் எரியாம இருக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பிழைய சரி பண்றது. மத்தது சொல்றவன்ட வாயப் பொத்துறது. ஒனக்கு எந்த வேல தெரியும்னு ஊர் சொல்லணும்?"

பதில் சொல்லாமல் போனான். போன கிழமை வந்து, ஒரு காருக்கு நட்டை எந்தப் பக்கம் சரித்து வெல்ட் பண்ணினான் என்று போனில் படம் காட்டினான். பத்து மணிப் பக்கம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

சரியென்று பட்டால் பகிருங்கள். பிழை இருந்தால் கீழே திருத்துங்கள், கோபிக்க மாட்டோம். கராஜ் வேலை தெரிந்தவர்கள் எங்களை விட நன்றாக எழுதுவீர்கள், எழுதுங்கள். நிறுப்பதிலும் அளப்பதிலும் நேர்மையாக இருப்பவர்களோடு இறைவன் நம் எல்லோரையும் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.